நட்சத்திரக் குறி இல்லாத பதிவுகள்

154700. மார்ஃபான் நோய்க்கு மரபியல் மருத்துவர்கள் வழங்கும் எண் இது. எந்த நாட்டு ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்தாலும் நோயின் பெயருக்குப் பக்கத்தில் இந்த ஆறு இலக்கங்கள் பெரும்பாலும் இருக்கும். முதல் இலக்கத்துக்கு ஒரு பொருள் உண்டு. 1 என்றால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே நோய் வரும் (ஓங்குபண்பு). 2 என்றால், இருவரிடமிருந்தும் வந்திருக்க வேண்டும் (ஒடுங்குபண்பு). 3 என்றால் எக்ஸ் குரோமோசோம், 4 என்றால் ஒய், 5 என்றால் தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா. எக்ஸ், ஒய், மைட்டோகாண்ட்ரியா வழி அல்லாதவற்றில் 1994 மே மாத நடுவுக்குப் பிறகு சேர்ந்தவை 6இல் தொடங்கும்.

இந்தப் பட்டியலைத் தொடங்கியவர் விக்டர் மெக்கியூசிக். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வாழ்நாள் முழுவதும் பணியாற்றியவர். மருத்துவ மரபியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். தந்தை, பிதாமகர் போன்ற பட்டங்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஒரு மனிதர் என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன்பே கைகூப்ப வைத்துவிடுகின்றன அவை. மெக்கியூசிக் செய்த பெரிய காரியத்தில் பெரும்பகுதி கண்டுபிடிப்பு அல்ல. பிறர் கண்டதையும் தாம் கண்டதையும் ஒழுங்காக எழுதி வைத்ததும், எது உறுதி, எது உறுதி இல்லை என்று ஒவ்வொரு வரியிலும் அடையாளம் இட்டதும்தான். அறிவைத் தொழிலாகக் கொண்டவர் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்விக்கு இதில் ஒரு பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

1921இல் மெய்ன் மாநிலத்தின் பார்க்மன் என்ற சிற்றூரில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகள். உடன் பிறந்த வின்சென்ட் பிற்காலத்தில் அந்த மாநிலத்தின் தலைமை நீதிபதியானார். ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற பள்ளியில் படிப்பு. 1937இல் பதினைந்து வயதுப் பையனுக்கு அக்குளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சீழ்க்கட்டி வந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பத்து வாரம் கிடந்தான். பெனிசிலின் வராத காலம். அப்போதுதான் வந்திருந்த சல்பா மருந்து அவனைக் காப்பாற்றியது. மருத்துவர் ஆகும் ஆசை அந்தப் படுக்கையில் பிறந்தது. உலகப்போர்க் காலமாதலால் இளங்கலைப் பட்டம் முடிக்காமலே ஹாப்கின்ஸில் சேர இடம் கிடைத்தது. 1946இல் மருத்துவரானார்.

முதலில் அவர் இதய மருத்துவர். இதய ஒலிகளைக் கருவிகொண்டு பதிவு செய்து ஆராய்ந்து, 1958இல் தடிமனான நூல் ஒன்று வெளியிட்டார். அந்த வழியிலேயே போயிருந்தால் பேரும் வருமானமும் தடையின்றி வந்திருக்கும். ஆனால் வேறொன்று அவரை இழுத்துக்கொண்டிருந்தது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் கட்டிகளும் சேர்ந்திருந்த ஓர் இளைஞரைப் பார்த்தார். பாஸ்டனில் ஹெரால்ட் ஜெகர்ஸ் என்ற மருத்துவரிடம் அதே போன்ற நோயாளிகள் இருந்தார்கள். இருவரும் கூடி, பத்து நோயாளிகளின் விவரங்களோடு 1949இல் கட்டுரை எழுதினார்கள். உதட்டுப் புள்ளிக்கும் குடல் கட்டிக்கும் என்ன உறவு? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மரபணுக்களின் வேலையா, ஒரே மரபணு இரண்டு இடத்தில் காட்டும் முகமா? இரண்டாவதுதான் என்று மெக்கியூசிக் முடிவுக்கு வந்தார்.

மார்ஃபான் நோயிலும் அதே கேள்வி. நெடிதுயர்ந்த உடல், சிலந்திக் கால் போன்ற விரல்கள், இடம் நழுவிய கண்வில்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி மெல்ல மெல்ல விரிந்து, ஒருநாள் கிழிந்துவிடும். எலும்பு ஒரு மருத்துவரிடம், கண் ஒருவரிடம், இதயம் இன்னொருவரிடம் போயிருந்தது. மூன்றையும் ஒருசேரப் பார்க்க ஆள் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக உடலில் இருப்பது இணைப்புத் திசு. அந்தத் திசுவின் ஏதோ ஒரு கூறு ஒரே மரபணுவால் பழுதாகிறது என்று அவர் ஊகித்தார். 1956இல் வெளிவந்த அவருடைய இணைப்புத் திசு நோய்கள் பற்றிய நூல் இந்த ஊகத்தின் மேல் எழுந்தது. ஃபிப்ரில்லின் என்ற புரதத்தின் மரபணுதான் பழுது என்று 1991இல் உறுதியானபோது, அந்த ஊகத்துக்கு முப்பத்தைந்து வயது.

1957இல் ஹாப்கின்ஸில் மூர் கிளினிக்கின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதை மருத்துவ மரபியல் பிரிவாக மாற்றினார். கூட இருந்தவர்கள் பலர் இதைத் தொழில்முறைத் தற்கொலை என்றே எண்ணினார்கள் என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதய நோய் லட்சக்கணக்கானவர்களுக்கு வருவது. இவர் போய்ச் சேர்ந்த இடத்திலோ, வாழ்நாளில் ஒரு மருத்துவர் ஒருமுறை பார்த்தால் அதிகம் என்கிற அபூர்வ நோய்கள். மனித மரபியல் என்றால் அன்றைய பல மருத்துவர்களுக்கு ஈக்களையும் எலிகளையும் பற்றிய படிப்பு. கூடவே, ஜெர்மனியில் இனத் தூய்மை என்ற பெயரில் நடந்த கொடுமைகளின் கறை படிந்த துறை. அபூர்வமான நோயை ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு மெக்கியூசிக்கிடம் இருந்த விடை எளிமையானது. உடல் எப்படி இயங்குகிறது என்பது, அது ஒரே ஓர் இடத்தில் இயங்காமல் நின்றுபோகும்போது வெளிப்படும்.

அபூர்வமான நோயாளிக்கோ இதைவிட எளிமையான நியாயம் ஒன்று உண்டு. நோய் அபூர்வமாக இருக்கலாம். அவருக்கு இருப்பது ஓர் உடல்தான்.

பட்டியல் பிறந்த கதைக்கு வருகிறேன். 1958 முதல் ஆண்டுதோறும் மருத்துவ மரபியலில் வெளியான கட்டுரைகளை மாணவர்களோடு உட்கார்ந்து படித்து, தொகுப்புரை எழுதி வந்தார். 1962இல் எக்ஸ் குரோமோசோமோடு சேர்ந்து வரும் பண்புகளை வரிசைப்படுத்தினார். அடுத்து ஆமிஷ் என்ற சமூகத்து மக்களிடையே ஒடுங்குபண்பு நோய்களைத் தேடத் தொடங்கினார். அங்கே ஒரு நோயைப் பார்த்தால், இது ஏற்கெனவே யாரோ எழுதியதா, புதியதா? அதைச் சொல்ல, தெரிந்தவை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் கையில் வேண்டும். அப்படி ஒடுங்குபண்பு நோய்களின் பட்டியல் வந்தது. ஓங்குபண்பு நோய்களின் பட்டியலும் சேர்ந்ததும் மூன்றும் ஒன்றாகி, 1966இல் ‘மெண்டலியன் இன்ஹெரிட்டன்ஸ் இன் மேன்’ என்ற நூலாயிற்று. முதல் பதிப்பில் சுமார் 1500 பதிவுகள். 1960களின் நடுவிலேயே அதைக் கணினியில் ஏற்றியிருந்தார்; அதனால் பதிப்புக்குப் பதிப்பு திருத்துவது எளிதாயிற்று. பன்னிரண்டாம் பதிப்பு 1998இல் மூன்று பெரும் தொகுதிகளாக வந்தது. அதோடு அச்சு நின்றது. 1987 முதலே கணினி வழியாக யாரும் படிக்கும்படி ஓமிம் என்ற பெயரில் அது திறந்துவிடப்பட்டிருந்தது. இன்று அதில் 25,000க்கு மேல் பதிவுகள் உள்ளன.

இந்தக் கணக்கு பெரிதுதான். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அச்சுப் பதிப்புகளில் வந்த ஒரு சின்ன நட்சத்திரக் குறி. ஒரு நோய் மரபுவழியில் இன்ன விதமாகத்தான் வருகிறது என்று உறுதியாகியிருந்தால், அந்தப் பதிவின் எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் இருக்கும். உறுதியாகவில்லை என்றால் இருக்காது. நட்சத்திரம் இல்லை என்பதற்காகப் பதிவு தள்ளப்படவில்லை. நூலில் இருந்தது என்பதற்காக அது மெய்யென்று ஆக்கப்படவும் இல்லை. ஒரே குடும்பத்தில் மட்டும் பார்த்த ஒன்றை, எங்கோ ஒரு மருத்துவர் இரண்டு பக்கத்தில் எழுதியதை, ‘இப்படியும் ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது, இன்னும் பார்க்க வேண்டும்’ என்ற நிலையில் அவர் வைத்திருந்தார். ஆண்டுகள் கழித்து இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம் தெரிய வரும்போது அந்தப் பதிவு நட்சத்திரம் பெறும். அல்லது வேறொரு பதிவோடு சேர்க்கப்படும். அல்லது நீக்கப்படும்.

இதைச் செய்வதற்கு ஒரு மனக்கட்டுப்பாடு வேண்டும். எல்லாவற்றையும் நம்புகிறவருக்குப் பட்டியல் எளிது. எதையும் நம்பாதவருக்கு அதைவிட எளிது. ஒவ்வொன்றையும் அதற்குரிய அளவில் மட்டும் நம்பி, அந்த அளவை ஊரறிய எழுதி வைப்பது கடினம். அதை ஒருவர் தம் பெயரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், வாரந்தோறும் வரும் சஞ்சிகைகளைப் படித்துப் படித்துச் செய்தார். ஓமிம் பதிவுகளின் அடியில் யார் எந்தத் தேதியில் எழுதினார், யார் எப்போது திருத்தினார் என்ற வரிசை இருக்கும். பழைய பதிவுகள் பலவற்றில் தொடக்கத் தேதி 1986 ஜூன் முதல் வாரம் என்றும், உருவாக்கியவர் மெக்கியூசிக் என்றும் காணலாம். அதன் மேல் பல்வேறு கைகள் செய்த திருத்தங்கள் பத்தி பத்தியாக நீளும். தம் சொல்லின் மேல் பிறர் கைவைக்க இடம் விட்டு எழுதியவர் என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

தொகுப்பவரை நம் மரபு குறைத்து மதிப்பிட்டதில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும் பெயர் சொல்லி வைத்திருக்கிறோம். புறநானூற்றைத் தொகுத்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்தப் புலவர்களில் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்? இன்றைய பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் தொகுப்பு வேலைக்கு மதிப்பெண் குறைவு. புதிது கண்டேன் என்பவருக்கே பதவி உயர்வு.

தாம் எழுதியதையே திருத்த வேண்டிய வேளையும் மெக்கியூசிக்குக்கு வந்தது. 1962இல் வட அயர்லாந்தில், சிறுநீரில் ஹோமோசிஸ்டின் என்ற பொருள் வெளியேறும் ஒரு புதிய நோயைக் கண்டார்கள். அதிலும் நெடிய உடல், அதிலும் கண்வில்லை நழுவும். மெக்கியூசிக்கும் ஷிம்கே என்ற ஆய்வாளரும் மற்ற உடனுழைப்பாளர்களும், மார்ஃபான் என்று கருதப்பட்டவர்களையும் கண்வில்லை நழுவியவர்களையும் தேடிப் பிடித்து, எளிய சிறுநீர்ச் சோதனை ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 1965இல் 20 குடும்பங்களில் 38 பேருக்கு இந்தப் புதிய நோய் என்று எழுதினார்கள். மார்ஃபான் என்ற ஒரே கூடைக்குள் இன்னொரு நோயும் கிடந்திருக்கிறது.

வெறும் பெயர் மாற்றம் என்று இதை நினைத்துவிட முடியாது. மார்ஃபான் ஓங்குபண்பு, நோயுள்ளவரின் குழந்தைக்கு அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஹோமோசிஸ்டின் நோய் ஒடுங்குபண்பு. நோயுள்ளவரின் குழந்தைக்கு வருவது அரிது, ஆனால் உடன்பிறந்தோருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்றில் பெருந்தமனி கிழியும். மற்றதில் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும். இரண்டாவதில் ஒரு பகுதியினருக்கு பி6 வைட்டமின் பலன் தரும் என்று விரைவிலேயே தெரிந்தது. தவறான பெயரோடு திரிந்த ஒருவருக்கு இந்த மாத்திரை கிடைத்திருக்காது. திருமணம் செய்துகொள்ளலாமா, பிள்ளை பெறலாமா என்று கேட்டிருந்தால் தவறான விடை கிடைத்திருக்கும். சேர்த்துப் பார்ப்பவர்கள், பிரித்துப் பார்ப்பவர்கள் என்று மருத்துவர்களின் இரு குணங்களைப் பற்றி 1969இல் அவர் ஒரு கட்டுரையே எழுதினார். இரண்டும் வேண்டும் என்பது அவர் கட்சி.

இனி ஆமிஷ். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் வாழும் கிறித்தவச் சமூகம் அது. மின்சாரம் வீட்டுக்குள் வராது, குதிரை வண்டிதான் போக்குவரத்து, திருமணம் தங்களுக்குள். அங்கே மருத்துவம் பார்த்து வந்த டேவிட் க்ரூசன் என்ற மருத்துவர், குள்ளமானவர்கள் அங்கே மிகுதி என்று சொல்லியிருந்தார். அதே காலத்தில் ஆமிஷ் சமூகம் பற்றி ஜான் ஹாஸ்டெட்லர் எழுதிய நூலின் கையெழுத்துப்படி மதிப்பீட்டுக்காக மெக்கியூசிக்கிடம் வந்தது. ஹாஸ்டெட்லர் ஆமிஷ் குடும்பத்தில் பிறந்தவர். நெருங்கிய குழு, பெரிய குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த வம்சாவளி. மரபியலார் கனவிலும் கேட்கத் துணியாத வசதிகள் ஓரிடத்தில் கூடியிருந்தன.

1964இல் வந்த கட்டுரை எல்லிஸ்-வான் கிரெவெல்ட் என்ற நோயைப் பற்றியது. குட்டையான கைகால்கள், ஆறாவது விரல், பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு. பலர் கைக்குழந்தையாகவே இறந்துவிடுவார்கள். அதுவரை உலக மருத்துவ நூல்கள் அனைத்திலும் சேர்த்துப் பதிவானவர்கள் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேர் இந்த ஒரே சுற்றத்தாரில் இருந்தார்கள். வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், எல்லாக் கொடிகளும் 1744இல் கடல் கடந்து வந்த சாமுவேல் கிங், அவர் மனைவி என்ற ஒரு தம்பதியிடம் போய் முடிந்தன. அவர்களில் ஒருவர் பழுதான மரபணு ஒன்றைச் சுமந்து வந்திருக்க வேண்டும். அவருக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. அதே சமூகத்துக் குள்ளமானவர்களில் வேறு சிலருக்கு விரல் ஐந்துதான், முடி மெலிந்து வெளுத்திருந்தது. அது தனி நோய் என்று அடுத்த ஆண்டு எழுதினார். கிங் தம்பதி சுமந்த பழுது எந்த மரபணுவில் என்பது 2000இல், அதே குடும்பங்களின் உதவியோடு கண்டுபிடிக்கப்பட்டது.

ஒடுங்குபண்பு நோய் பற்றி நம் வீடுகளிலும் பேச வேண்டியிருக்கிறது. அத்தை மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் பழக்கம் உள்ள மண் இது. குறையோடு பிள்ளை பிறந்தால் பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழும். ‘எங்கள் வம்சத்தில் இப்படி இல்லையே’ என்று மாமியார் சொல்வார். எண் 2இல் தொடங்குமானால் இரு பக்கத்திலும் அந்த மரபணு இருந்தே ஆக வேண்டும். மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, கணவனுடைய வம்சமும் கொடுக்காமல் அந்த நோய் வராது. இதை ஒரு மருத்துவர் அந்த மாமியாரின் முன்னிலையில், அவர் முகம் பார்த்துச் சொல்வது மருந்து கொடுப்பதற்குச் சமானம். எண் 3இல் தொடங்கினால், பெரும்பாலும் தாய்வழியே வந்திருக்கும். அங்கே இன்னும் கவனமாகப் பேச வேண்டும். மரபணு வந்த வழி குற்றம் வந்த வழி ஆகாது. தம்மிடம் பழுது இல்லாத மனிதர் ஒருவரும் இல்லை என்பதுதான் மரபியல் சொல்லும் முதல் பாடம். ஒவ்வொருவரும் சிலவற்றைச் சுமக்கிறோம். அதே பழுதைச் சுமப்பவரைச் சந்திக்காததால் தெரியாமலே போகிறோம்.

ஆமிஷ் ஆய்வை முழு மனத்தோடு புகழ என்னால் முடியவில்லை. படம் எடுத்துக்கொள்வதை விரும்பாத சமூகம் அது. அந்தச் சமூகத்துக் குழந்தைகளின் ஆறு விரல் படங்கள் உலகெங்கும் மரபியல் பாடநூல்களில் இருக்கின்றன. கிடைத்த அறிவு பால்டிமோருக்குப் போயிற்று. நோய் பண்ணை வீட்டிலேயே இருந்தது. அன்றைக்கு எல்லிஸ்-வான் கிரெவெல்ட் நோய்க்குச் செய்ய அதிகம் இல்லை என்பது மெய். மெக்கியூசிக் அந்த மக்களிடம் மரியாதையோடு நடந்துகொண்டார் என்பதும், பல ஆண்டுகள் உறவு நீடித்தது என்பதும் மெய். ஆனாலும் கொடுத்தவர்களுக்கு என்ன திரும்பியது என்று கேட்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

அந்தக் கேள்விக்கு வேறொருவர் விடையாக வந்தார். ஹோம்ஸ் மார்டன் என்ற குழந்தை மருத்துவரும் அவர் மனைவி கரோலினும் 1989இல் லங்காஸ்டர் மாவட்டத்து ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். ஆமிஷ், மென்னோனைட் சமூகக் குழந்தைகளுக்கு வரும் மரபு நோய்களுக்காகவே அமைந்தது அது. குளுட்டாரிக் அமில நோய், சிறுநீர் சர்க்கரைப்பாகு மணக்கும் இன்னொரு நோய் என்று சிலவற்றைப் பிறந்தவுடனே கண்டுபிடித்து, உணவையும் காய்ச்சல் நாட்களையும் கவனித்தால் மூளை சிதையாமல் காக்க முடியும். அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் அந்த ஊர் விவசாயிகள். களஞ்சியம் கட்ட ஊர்கூடி மரச் சட்டங்களைத் தூக்கி நிறுத்துவார்களே, அதே முறையில் நிறுத்தினார்கள். பட்டியலும் வேண்டும், பக்கத்தில் கட்டிலும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஆனால் பட்டியல் எழுதுகிறவர் கட்டிலை மறந்தால், அந்தச் சங்கடம் அவரையும் சேரும்.

மார்ஃபான் விஷயத்தில் அந்தச் சங்கடம் பெருமளவு தீர்ந்தது. 1972இல் மெக்கியூசிக்கும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டபோது, மார்ஃபான் நோயாளிகள் இறந்த சராசரி வயது 32. காரணம் பெரும்பாலும் பெருந்தமனியும் இதயமும். 1976இல் அதே மருத்துவமனையில் வின்சென்ட் காட் என்ற அறுவை மருத்துவர், விரிந்த பெருந்தமனியின் வேர்ப்பகுதியை மாற்றும் அறுவையை ஒரு மார்ஃபான் நோயாளிக்குச் செய்தார். இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மருந்துகளும் சேர்ந்தன. இன்று உரிய நேரத்தில் நோய் தெரிந்தவர்கள் முதுமை வரை வாழ்கிறார்கள். ‘உரிய நேரத்தில்’ என்பதுதான் கண்டம். ஒலிம்பிக் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986இல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். ஆறடி ஐந்தங்குல உயரத்தை எல்லோரும் திறமையின் அடையாளமாகப் பார்த்தார்கள். நோயின் அடையாளமாக யாரும் பார்க்கவில்லை. பிணப் பரிசோதனையில்தான் மார்ஃபான் என்று தெரிந்தது.

மெக்கியூசிக்கின் மாணவர்கள் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதலாம். ஒருவரை மட்டும் சொல்கிறேன். ரோஜர் டொனாஹ்யூ, ஆய்வு மாணவர். பயிற்சிக்காகத் தம் குரோமோசோம்களையே நுண்ணோக்கியில் பார்த்தபோது, முதல் குரோமோசோம் ஜோடியில் ஒன்று வழக்கத்தைவிட நீளமாகத் தெரிந்தது. விட்டுவிடாமல் தம் உறவினர்களின் ரத்தத்தையும் வாங்கிப் பார்த்தார். அந்த நீளமும் டஃபி என்ற ரத்த வகையும் குடும்பத்தில் கூடியே இறங்கின. ஆகவே டஃபி மரபணு முதல் குரோமோசோமில் இருக்கிறது என்று 1968இல் எழுதினார்கள். பால் குரோமோசோம் அல்லாத ஒன்றில் இடம் அறியப்பட்ட முதல் மனித மரபணு அது. அதற்கடுத்த ஆண்டு ஹேக் நகர மாநாட்டில், மனித மரபணுக்கள் அனைத்தின் இடத்தையும் வரைபடமாக்க வேண்டும் என்று மெக்கியூசிக் முன்மொழிந்தார். மனித ஜீனோம் திட்டம் தொடங்க இருபது ஆண்டுகள் இருந்தன. 1988இல் அதற்கான பன்னாட்டு அமைப்பு உருவானபோது முதல் தலைவராக அவரையே அமர்த்தினார்கள். 1960 முதல் கோடைதோறும் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் மருத்துவர்களுக்கு மரபியல் வகுப்பு நடத்தினார். அது இன்னும் நடக்கிறது. லாஸ்கர் விருது 1997இல், ஜப்பான் பரிசு 2008இல். அந்த ஆண்டு ஜூலையில் 86 வயதில் மறைந்தார்.

விருதுகளைவிட அவரை எனக்குக் காட்டுவது லிங்கன் விவகாரம். ஆபிரகாம் லிங்கனின் உயரத்தையும் நீண்ட கைகால்களையும் வைத்து அவருக்கு மார்ஃபான் இருந்திருக்கும் என்று 1960களிலிருந்தே பேச்சு. லிங்கனின் பிணப் பரிசோதனையில் எடுத்த எலும்புத் துணுக்குகளும் ரத்தக் கறை படிந்த சட்டைக் கைமடிப்புகளும் வாஷிங்டன் அருங்காட்சியகம் ஒன்றில் அன்று இருந்தன. அவற்றில் டி.என்.ஏ. சோதனை செய்யலாமா என்று 1991இல் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் மெக்கியூசிக். மார்ஃபான் மரபணு அதே ஆண்டு அவருடைய மருத்துவமனைக்காரர்களின் கையாலேயே பிடிபட்டது. முப்பத்தைந்து ஆண்டு ஊகம் நிரூபணமாகிய சூட்டில், அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற மனிதர் மேல் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு. எந்த ஆய்வாளருக்கும் கை துறுதுறுக்கும். தொடக்கத்தில், கொள்கையளவில் தடை இல்லை என்றது குழு. பிறகு ஆழ்ந்து பார்த்து, இப்போது வேண்டாம் என்றது. மரபணு தெரிந்துவிட்டது, ஆனால் அதில் எந்த மாற்றம் நோயைத் தரும், எது தராது என்பது அன்று அரைகுறையாகவே தெரியும். ஏதோ ஒரு மாற்றம் கிடைத்தால் அதற்கு என்ன பொருள் சொல்வது? பாதுகாத்து வைத்த துணுக்கோ கொஞ்சம்; சோதனையில் செலவாகிவிட்டால் திரும்பாது. இறந்தவர் தம்மைப் பற்றி எதையும் மறுத்துப் பேசப் போவதில்லை.

இன்று மரபணுச் சோதனை சில ஆயிரம் ரூபாயில் நடக்கிறது. அறிக்கையில், சுருக்கமாகச் சொன்னால், மூன்று விதமாக எழுதி வரும். நோய் தரும் மாற்றம், தீங்கற்ற மாற்றம், பொருள் இன்னும் தெரியாத மாற்றம். மூன்றாவதுதான் குடும்பங்களை வதைக்கிறது. காசு கொடுத்தவருக்கு ஆம் அல்லது இல்லை என்ற விடை வேண்டும். கொடுக்கும் மருத்துவருக்கும் அப்படி ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட ஆசைதான். ‘தெரியவில்லை’ என்றால் கெட்டிக்காரர் இல்லை என்று நினைத்துவிடுவார்களே. பொருள் தெரியாத மாற்றத்தை நோய் என்று கொண்டு, அதன் பேரில் கருவைக் கலைத்தாலோ, நல்ல உறுப்பை வெட்டியெடுத்தாலோ, பிறகு மாற்றிக்கொள்ள வழி இல்லை. நல்ல ஆலோசகர் என்ன செய்கிறார் என்றால், அறிக்கையைக் குடும்பத்தின் முன் விரித்து, இதை இப்போதைக்கு நோயென்றும் கொள்ள வேண்டாம், நோயில்லை என்றும் கொள்ள வேண்டாம் என்கிறார். இதயத்தை ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்போம், உங்கள் தம்பியின் ரத்தத்தையும் ஒரு தடவை பார்க்கலாம் என்கிறார். தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்து இதே தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதற்குள் பட்டியல் மாறியிருக்கும் என்று சொல்லி அனுப்புகிறார்.